ஏற்றத்தில் கருகும் கிளட்ச், இறக்கத்தில் கைவிடும் பிரேக்: பெங்களூரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

பெங்களூரில் கார் வைத்திருக்கும் பலருக்கு, தினமும் ஏறி இறங்கும் சாலைகளிலேயே மிகச் செங்குத்தானது அவர்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குக் கீழேதான் இருக்கிறது. மலைச்சாலை போடும்போது இந்திய சாலை காங்கிரஸின் விதிப்படி வழக்கமான சரிவு 5, 6 சதவீதம்; வேறு வழியே இல்லாத இடத்தில் 7, 8 சதவீதம் வரை போகலாம். 100 மீட்டர் ஓடினால் 5, 6 மீட்டர் உயரம், அவ்வளவுதான். பேஸ்மென்ட் ரேம்ப்பை 10 அடிக்கு 1 அடி என்று கட்டினாலே 10 சதவீதம் வந்துவிடும். 8 அடிக்கு 1 அடி என்றால் 12.5. மனையில் இடம் பற்றாத பழைய கட்டடங்களில் இன்னும் நிமிர்த்திக் கட்டியிருப்பார்கள்.

ஆட்களும் சாமானும் சேர்த்து 1,300 கிலோ இருக்கும் ஒரு காரை 12.5 சதவீத ரேம்ப்பில் நிறுத்தினால், சுமார் 160 கிலோ எடை அதைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பை எதை வைத்துத் தாங்குகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஹேண்ட்பிரேக்கின் வேலை. கிளட்ச் கிளம்புவதற்கு மட்டும். இறக்கத்தில் வேகத்தை அடக்கி வைப்பது கியரின் வேலை. பிரேக் இடையிடையே குறைக்கவும் நிறுத்தவும் மட்டும். இந்த வேலைகளை மாற்றிக் கொடுப்பதால்தான் கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வருகின்றன.

உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். வெள்ளிக்கிழமை இரவு ஓசூர் வழியாக ஊருக்குக் கிளம்புகிறவர்கள் மட்டும் பிரேக் பற்றிய பகுதியை முழுவதும் படித்துவிடுங்கள்.

நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளுகிறது

ஹெப்பால் மேம்பாலத்து ஏற்றத்தில் மாலை நெரிசலில் இது சாதாரணம். பின்னால் ஒரு அடி இடைவெளி கிடைத்தாலும் அதில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றிருக்கும். ஆகவே அரை அடி உருள்வதும் ஆபத்துதான்.

ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்துப் போடுங்கள். முதல் கியர். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) 1,500-க்கு மேல் வந்ததும் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் சற்று அமுங்கும். பானெட்டின் முனை லேசாக மேலே எழும்பும். கால் அந்த இடத்திலேயே நிற்கட்டும். ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். வண்டி பின்னால் போகாது. பெரும்பாலும் அசையாமல் நிற்கும், அல்லது மெல்ல முன்னேறும். அதன் பிறகு ஆக்சிலேட்டரைக் கூட்டிக்கொண்டே மீதிக் கிளட்சை விடலாம்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் பிசகுவது அந்தச் சத்தம் அமுங்கும் இடத்தில்தான். பதற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டுவிடுவார்கள், வண்டி ஆஃப் ஆகும். ஞாயிறு காலை ஆளில்லாத நேரத்தில் உங்கள் ரேம்ப்பிலேயே, பின்னால் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டு விட்டு அந்த இடம் எங்கே வருகிறது என்று காலுக்குப் பழக்குங்கள். ஒவ்வொரு வண்டியிலும் அது வேறு உயரத்தில் வரும்.

மேட்டில் கிளம்பும்போது வண்டியே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு இருக்கிறதே என்கிறீர்களா? நல்ல வசதிதான். ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் அது 2 விநாடி அளவுக்கே பிடிக்கும். அதற்குள் ஆக்சிலேட்டருக்குக் கால் போயாக வேண்டும். கியரைத் தேடிக்கொண்டிருந்தால் கைவிட்டுவிடும். ஆட்டோ ஹோல்டு வேறு. அது நீங்கள் ஆக்சிலேட்டரை அழுத்தும்வரை பிடித்திருக்கும். உங்கள் வண்டியில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் இரண்டையும் ஒன்றென்று நம்பவேண்டாம்.

ஹேண்ட்பிரேக் போட்டும் உருண்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது பின்சக்கர பிரேக் டிரம்முக்குள் உராய்ந்து பிடிக்கும் ஷூ தேய்ந்திருக்கிறது. லீவரை இழுக்கும்போது வரும் 'கிளிக்'குகளை எண்ணுங்கள். 5 முதல் 7-க்குள் இறுகவேண்டும். 9, 10 வரை மேலே வந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி இறுக்கி வாங்குங்கள். சின்ன வேலைதான், தள்ளிப்போடாதீர்கள்.

முன்னால் நிற்பவரும் உருளலாம் என்பதை மறக்கவேண்டாம். சமதரையில், அவருடைய பின் டயர் சாலையைத் தொடும் இடம் உங்களுக்குத் தெரியும் தூரத்தில் நின்றால் போதும். மேட்டில் அதற்கும் ஒரு அரைக் கார் நீளம் கூடுதலாக விடுங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

ஏற்றத்தில் ஆஃப் ஆகிவிடுகிறது, அல்லது இழுக்காமல் திணறுகிறது

ஆஃப் ஆனதும் முதலில் சாவியைத் தேடாதீர்கள். கால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள், ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள், பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பூஸ்டரில் இன்ஜின் நின்ற பிறகு ஓரிரு அழுத்தலுக்குத்தான் சக்தி மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்து, பெடல் கல்லாக இறுகிவிடும்.

திணறலுக்குக் காரணம் பல நேரம் தாமதமாகக் குறைத்த கியர். வேகம் விழுந்த பிறகு குறைத்தால் அந்த ஒரு நொடியில் இன்னும் விழும். மேட்டில் ஏறத் தொடங்கும் முன்பே, கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே, கியர் தயாராக இருக்கவேண்டும். வளைந்துகொண்டே மாற்றுவது வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. வளைவின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஏறும் உயரம் ஒன்றேதான். ஆனால் உள்பக்கத்தில் தூரம் குறைவு. ஆகவே உள்பக்கம் ரொம்பச் செங்குத்தாக இருக்கும். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். மேலே ஏறும்போது இடதுபுறம் திரும்பும் வளைவுகளில் அந்தச் செங்குத்துப் பகுதி நம் பங்குக்கு வரும். வலதுபுறம் திரும்பும் வளைவில் இரண்டாம் கியரில் சுலபமாக ஏறிய அதே வண்டி, அடுத்த இடது வளைவில் திணறுவது இதனால்தான். இடது வளைவென்றால் சின்ன இன்ஜின் வண்டிக்கு முதல் கியர், சந்தேகமே வேண்டாம். கொல்லிமலையின் 70 வளைவுகளில் இந்த வித்தியாசம் வளைவுக்கு வளைவு தெரியும்.

எதிரே இறங்கி வருபவர் வழிவிடவேண்டும் என்பது விதி. சாலை குறுகலாக இருந்தால் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. 2017-இல் வந்த மோட்டார் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளிலும் அது இருக்கிறது. காரணம் எளிது: நின்றால் மறுபடி கிளம்பக் கஷ்டப்படுவது ஏறுகிறவர்தான். நீங்கள் இறங்கும்போது இதை ஞாபகம் வையுங்கள்.

உயரமும் சக்தியைத் தின்னும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத இன்ஜின், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 10 சதவீதம் சக்தியை இழக்கும், காற்று மெலிந்துபோவதால். பெங்களூரே 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் ஓட்டிப் பழகிய அதே 1 லிட்டர் கார் இங்கே வந்ததும் கொஞ்சம் சோம்பலாகத் தோன்றினால் கார்மீது குறையில்லை. சுமார் 1,478 மீட்டர் உயர நந்தி மலையில் இன்னும் குறையும். ஊட்டி 2,200-ஐத் தாண்டும், அங்கே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஏசியை அணைத்தால் சின்ன இன்ஜினுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். டர்போ வண்டிகளுக்கு இந்த இழப்பு குறைவு, ஆனால் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ தூங்கும். அதை விழவிடாமல் ஓட்டவேண்டும்.

ரிசர்வ் விளக்கு எரிகிற நிலையில் செங்குத்தான மேட்டில் இன்ஜின் விக்கினால், பெட்ரோல் டேங்கின் ஓரத்துக்குச் சாய்ந்து, உள்ளே இருக்கும் பம்புக்கு எட்டாமலிருக்கலாம். மலைக்குப் போகும்போது கால் டேங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கருகின வாசனை வருகிறது

ஏறும்போது வந்தால் கிளட்ச். இறங்கும்போது வந்தால் பிரேக். இனிப்பாக ஒரு வாசனையும் கூடவே டெம்பரேச்சர் ஊசி ஏறுவதும் இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்.

ஞாயிறு விடியற்காலை நந்தி மலையின் மேல்பகுதியில், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து நிற்கும் இடத்தில், கண்ணாடியை இறக்கினாலே கிளட்ச் வாசனை வரும். ஹேண்ட்பிரேக் போடாமல், பாதி அழுத்திய கிளட்சில் வண்டியை அந்தரத்தில் பிடித்து நிறுத்துகிறவர்களின் வண்டியிலிருந்து வருவது அது. வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியும்: பிரேக் விளக்கு எரியாது, கார் ஒரு அங்குலம் முன்னே, ஒரு அங்குலம் பின்னே என்று ஆடிக்கொண்டிருக்கும். அந்த நேரம் முழுவதும் பிளேட் உராய்ந்து தேய்ந்துகொண்டே இருக்கிறது.

வாசனை வந்துவிட்டால், அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். வளைவிலோ வளைவு முடிந்த உடனேயோ வேண்டாம். ஹேண்ட்பிரேக், நியூட்ரல், இன்ஜின் ஓடட்டும், கிளட்ச் பெடலில் கால் வேண்டாம். 15, 20 நிமிடம் ஆறவிட்டால் பெரும்பாலும் மறுபடி பிடிக்கும். ஆறாமலே முயற்சி செய்தால்தான் நடுமேட்டில் முழுசாகக் கைவிடும்.

ஊர் திரும்பியதும் ஒரு சோதனை செய்யலாம். வண்டி குறைவான சமதரைச் சாலையில், 4-ஆம் கியரில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். ஆர்பிஎம் ஊசி விர்ரென்று ஏறி, வேகம் அதற்கு ஏற்றாற்போல் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கிளட்ச் பெடலே இல்லாத வண்டியில் கருகின வாசனை வந்தால் பலர் குழம்பிப்போகிறார்கள். ஏஎம்டி (சாதாரண கியர்பாக்ஸைத் தானாக இயக்குவது), டிசிடி (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்) இரண்டிலும் உள்ளே கிளட்ச் இருக்கிறது. நமக்குப் பதிலாக வண்டியே மிதிக்கிறது. மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து வண்டியை நிறுத்தி வைத்தால் அதே கருகல்தான். நிற்கும்போது பிரேக்கில் நில்லுங்கள். ஏறும்போது ஏஎம்டியை மேனுவலுக்கு மாற்றி முதல் அல்லது இரண்டாம் கியரில் வைத்துக்கொண்டால், நடு வளைவில் அது தானாக மேல் கியருக்குப் போய்த் திணறுவது நிற்கும். ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில், முன்னால் 2 கார் இடம் கிடைக்கும்வரை நின்று, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். கிளட்சைக் காப்பாற்ற இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

ஊசி சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாக வையுங்கள். உள்ளே வெந்துபோகும், ஆனால் இன்ஜினின் சூடு கொஞ்சம் வெளியேறும். அப்படியும் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

முன்சக்கரம் சுற்றுகிறது, வண்டி ஏறவில்லை

மழை பெய்த மறுநிமிடம் பேஸ்மென்டிலிருந்து வெளியே வரும்போது நடப்பது. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. மேட்டில் எடை பின்பக்கம் சாயும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்றால் முன்சக்கரத்தின் பிடி இன்னும் குறையும். அழுத்த அழுத்தச் சுற்றத்தான் செய்யும்.

ஆக்சிலேட்டரை விடுங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா பாருங்கள். திரும்பிய சக்கரம் சீக்கிரம் வழுக்கும். பின்னால் ஆள் பார்க்கச் சொல்லி, கீழே சமதரைவரை மெல்ல இறங்கி, அங்கிருந்து சீரான வேகத்தில் ஒரே மூச்சாக ஏறுங்கள். பின் சீட்டில் இருப்பவர்கள் இறங்கி நடந்தாலே பல நேரம் ஏறிவிடும்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் பால்ட்வின் தெரு என்று ஒன்று இருக்கிறது, உலகிலேயே செங்குத்தான தெரு என்று கின்னஸ் பட்டியலில் உள்ளது. அதிகபட்சச் சரிவு கிட்டத்தட்ட 35 சதவீதம். 2019-இல் வேல்ஸில் ஹார்லெக் ஊரின் தெரு ஒன்று அந்தப் பட்டத்தைப் பறித்தது. அளக்கும் முறையைத் திருத்தியதும் 2020-இல் டனீடனுக்கே திரும்பி வந்தது. அந்தத் தெருவின் செங்குத்தான மேல்பகுதி கான்கிரீட், தார் கிடையாது. அவ்வளவு சரிவில் வெயிலுக்கு இளகும் தார் கீழே வழிந்துவிடும் என்பதால்.

நம் ரேம்ப்புகளில் கான்கிரீட்டைக் குறுக்கே கீறி விட்டிருப்பதும் டயருக்குப் பிடி வேண்டும் என்றுதான். பல ஆண்டுகள் டயர் ஏறி அந்தக் கீறல் மழுங்கிவிடும்; அதன்மேல் வழவழப்பான பெயின்டும் அடித்துவிடுவார்கள். அசோசியேஷன் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கீறலை மறுபடி வெட்டுவது பெரிய செலவில்லை. ரேம்ப்பின் தலைப்பில் மழைநீரைத் தடுக்கும் குறுக்குக் கால்வாய் அடைத்திருந்தால், வழுக்கலுக்கு அதுவும் காரணம்.

அடி தட்டுகிறது, மேலே வரும்போது முன்னால் ஒன்றும் தெரியவில்லை

ரேம்ப் தொடங்கும் இடத்தில் தட்டினால் முன் பம்பர், முடியும் இடத்தில் தட்டினால் வண்டியின் வயிறு. சரிவு சட்டென்று தொடங்கி சட்டென்று முடிவதுதான் காரணம். இரண்டு முனையிலும் சில அடி தூரத்துக்குப் பாதிச் சரிவு கொடுத்திருந்தால் தட்டாது. அகலம் இருந்தால் கொஞ்சம் கோணலாக ஏறுங்கள், ஒரு சக்கரம் முதலில் ஏறட்டும். இல்லையென்றால் ஆட்களை இறக்கிவிட்டு, ஊர்ந்து போகவேண்டியதுதான்.

உச்சியில் பானெட்டுக்கு மேலே வானம் மட்டும் தெரியும் அந்த இரண்டு நொடி எனக்கு எப்போதும் கவலை தருவது. நடைபாதை அங்கேதான் குறுக்கே போகிறது. ஸ்கூல் வேனுக்கு நிற்கும் பிள்ளைகளும் அங்கேதான். உச்சிக்கு முன் ஒரு ஹார்ன், பகலிலும் ஹெட்லைட், முழு நிறுத்தம், பிறகு ஊர்தல். குவி கண்ணாடி ஒன்றை எதிரே மாட்டச் சொல்லுங்கள். செக்யூரிட்டி 'வாங்க சார், வாங்க' என்று கை காட்டுவது வண்டி வருகிறதா என்று பார்த்துத்தான். கீழே நடக்கும் குழந்தை அவர் கண்ணில் பட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இறக்கத்தில் பிரேக் பெடல் மாறிவிட்டது

இதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். 1,300 கிலோ வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 3 குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலிலோ மேல் கியரிலோ இறங்கினால் எல்லாம் நான்கு சக்கரங்களில் உள்ள சின்னச் சின்ன இரும்புத் தட்டுகளுக்கும் டிரம்களுக்கும் போகும்.

அந்தச் சூடு தலைக்கேறும்போது பெடல் இரண்டு விதமாக மாறும். எந்த விதம் என்று பாருங்கள்.

பெடல் மெத்தென்று, வழக்கத்தைவிடக் கீழே போனால், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். நீங்கள் மிதிப்பதெல்லாம் குமிழியை நசுக்குவதற்கே போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் குறைந்தபட்ச வரம்பு. டாட் 3 என்றால் 205-ம் 140-ம். அதனால்தான் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் சர்வீஸ் சென்டரில் ஊற்றினாலும், சீல் உடைக்காத டப்பாவாக இருக்கட்டும். எப்போதோ திறந்து வைத்த பாட்டிலில் மிச்சமிருப்பது வேண்டாம்.

பெடல் கெட்டியாகவே இருந்து, வண்டி மட்டும் நிற்காமல் போனால், சக்கரத்தின் இரும்புத் தட்டை (டிஸ்க்) அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடியை இழந்திருக்கிறது. கூடவே வாசனையும் சில நேரம் சக்கரத்திலிருந்து புகையும் வரும். இன்ஜின் நின்றுபோய் பூஸ்டர் தீர்ந்தாலும் பெடல் இப்படித்தான் இறுகும். இன்ஜின் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். இறக்கத்தில் சாவியை அணைத்து ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதும். பவர் ஸ்டீயரிங்கும் கூடவே போய்விடும்.

இரண்டு விதத்துக்கும் முதல் வேலை ஒன்றுதான். பிரேக் இன்னும் கொஞ்சம் பிடிக்கும்போதே கியரைக் குறைத்து, அகலமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். தண்ணீர் ஊற்றவேண்டாம், பழுக்கச் சூடான டிஸ்க் கோணிவிடும், வெடிப்பும் விடலாம்.

சுத்தமாகப் பிடிக்கவில்லை என்றால்: பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள், சில சமயம் அழுத்தம் திரும்பும். அதே நேரத்தில் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். நாலிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். ஹேண்ட்பிரேக்கை, பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். பட்டன் வகை எலெக்ட்ரானிக் பிரேக் என்றால் அதை இழுத்துப் பிடித்தபடியே இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் வண்டி தானே அளந்து நிறுத்தும். ஹார்னும் நான்கு இண்டிகேட்டரும் போட்டு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். எதுவும் வேலை செய்யவில்லை என்றால் மலைச்சுவர் பக்கம் உரசி நிறுத்துங்கள். பள்ளத்தாக்குப் பக்கம் எந்த நிலையிலும் வேண்டாம். கார் கெடும், போகட்டும்.

இந்த நிலைமைக்கு வராமலிருக்கும் வழியைப் பழைய லாரி டிரைவர்கள் ஒரே வரியில் சொல்வார்கள்: "தம்பி, ஏறின கியர்லயே இறங்கு." இரண்டாம் கியரில் ஏறிய மேட்டில் இரண்டாம் கியரிலேயே இறங்கினால், இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்திருக்கும். அந்த உறுமலுக்குப் பயப்படவேண்டாம், ஊசி சிவப்புக்கோட்டைத் தொடாதவரை இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. வேகம் கூடும்போது பிரேக்கை ஒருமுறை நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டு, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். லேசாகத் தொட்டபடியே மைல்கணக்கில் இறங்குவதுதான் பேட்டைச் சுட்டுவிடும். இடையில் ஆற நேரமே கிடைக்காது.

தொப்பூர் கணவாயைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தர்மபுரி தாண்டி சேலம் நோக்கிப் போகும்போது, தேசிய நெடுஞ்சாலை 44-இல் வரும் நீண்ட இறக்கம் அது. ஏற்காடு போல வளைந்து வளைந்து இறங்காது. அகலமான நல்ல சாலை, ஆகவே மலையில் இறங்குகிறோம் என்ற எண்ணமே வராது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் கனரக வண்டிகள் அங்கே பிரேக் சூடாகிக் கட்டுப்பாட்டை இழந்து முன்னால் போகும் கார்களில் மோதிய விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. இரவு நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு அங்கே வந்து சேரும்படி பெங்களூரிலிருந்து கிளம்பாதீர்கள். இறக்கம் தொடங்கும்போதே கியரைக் குறையுங்கள், லாரிக்கு நேர் முன்னால் போய் நுழையாதீர்கள், பின்பார்வைக் கண்ணாடியை அடிக்கடி பாருங்கள். பின்னால் வரும் லாரி ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்தால், என்ன திமிர் என்று நினைக்காமல் வழிவிட்டு ஒதுங்குங்கள். அவருக்குப் பிரேக் போயிருக்கலாம்.

நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம் என்பது இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் உண்மையே இல்லை. கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரை விட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் எரிபொருளை வண்டி நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜினை அணையாமல் வைக்க எரிபொருள் செலவாகும். காசும் போய் பிரேக்கும் போகிறது.

ஆட்டோமேட்டிக்கில் வழக்கமாக ஓட்டும் டி-யிலேயே விட்டுவிடாமல், கியரைக் கீழே பிடித்து வைக்கும் எல், எஸ் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். மின்சாரக் காரில் ரீஜென்னை (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் வசதி) அதிகபட்சத்தில் வைத்தால் இறக்கமெல்லாம் சார்ஜாகத் திரும்பி வரும். ஆனால் மலை உச்சி விடுதியில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் பேட்டரியில் வாங்க இடமிருக்காது, ரீஜென் மிகக் குறைவாகவே வேலை செய்யும். மேலே தங்கினால் 80-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டர் இறக்கத்தில் தானாக ஓடுகிறது

கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் குறைந்து ஆக்சிலேட்டரை முழுவதும் மூடினால், உள்ளே கிளட்ச் தானாக விட்டுவிடும். அதன் பிறகு இன்ஜின் பிடிக்காது, சைக்கிள் மாதிரி உருளும். லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் கிளட்ச் மறுபடி ஒட்டும், பிறகு மூடினால் கொஞ்ச நேரம் இன்ஜின் பிடிக்கும். அப்படியும் பிரேக்குக்குத்தான் அதிக வேலை. நந்தி மலையிலிருந்து இரண்டு பேராக இறங்கும்போது நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள். மேட்டில் நிற்கும்போது முன்பிரேக்கை மட்டும் நம்பினால் எடை பின்னால் போனதால் முன்டயர் வழுக்கும். பின்பிரேக்கும் சேர்ந்து இருக்கட்டும்.

நிறுத்திவிட்டு வந்த வண்டி நகர்ந்திருக்கிறது

ஹனுமந்தநகர் குமாரசுவாமி கோயில் குன்றைச் சுற்றிய தெருக்களில் நிறுத்துகிறவர்களுக்கு இது தேவைப்படும். முகம் மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியர். சக்கரத்தைத் திருப்பி வையுங்கள்: இடதுபுறம் நடைபாதைக் கல் இருந்து, முகம் மேட்டைப் பார்த்தால் ஸ்டீயரிங் வலதுபக்கம், பள்ளத்தைப் பார்த்தால் இடதுபக்கம். உருண்டாலும் டயர் கல்லில் முட்டி நிற்கும். கல் இல்லாத தெருவென்றால் இரண்டுக்கும் இடதுபக்கமே, வண்டி சாலைக்கு வராமல் ஓரத்துக்குப் போகும்.

ஆட்டோமேட்டிக்கில், கால் பிரேக்கில் நின்றபடி நியூட்ரல், ஹேண்ட்பிரேக், கால் பிரேக்கை விட்டு வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்கார விடுங்கள், பிறகு மறுபடி மிதித்து பி (பார்க்கிங்). நேராக பி-யில் போட்டால் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். எடுக்கும்போது 'டக்' என்று அதிர்வது அதனால்தான்.

டயருக்குக் கல் கொடுத்தால் கிளம்பும்போது அதை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். மலைச்சாலையில் பஞ்சர் பார்க்க நிறுத்தியவர்கள் விட்டுப்போன கல், இருட்டில் அடுத்து வரும் பைக்காரரை விழவைக்கும்.

மெக்கானிக்கிடம் போனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்

சூட்டில் வரும் கோளாறு ஆறினதும் மறைந்துவிடும். கொதித்த ஆயில் குளிர்ந்ததும் பெடல் பழையபடி கெட்டியாகும். திங்கட்கிழமை பட்டறையில் அவர் மிதித்துப் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை.

ஆகவே "பிரேக்கைக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்று பொதுவாகச் சொல்லாமல், நடந்ததைச் சொல்லுங்கள்: எந்த இறக்கம், எந்த கியர், எத்தனை பேர் வண்டியில், பெடல் மெத்தென்று போனதா கெட்டியாக இருந்ததா, எவ்வளவு நேரம் நின்றதும் சரியானது. மெத்தென்று போயிருந்தால் ஆயிலை முழுவதும் மாற்றி, காற்றெடுக்கச் சொல்லுங்கள். மேலே ஊற்றி நிரப்பினால் போதாது. கெட்டியாக இருந்து நிற்கவில்லை என்றால் நான்கு சக்கரத்தையும் கழற்றி, பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருக்கிறதா, மேல்பரப்பு கண்ணாடி போலப் பளபளக்கிறதா, டிஸ்க்கில் நீலம் பூத்திருக்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். பளபளத்தால், தடிமன் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. அடுத்த முறை ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இதை முடித்துவிட்டால், புதுப் பேட் நகரத்துக்குள் ஓடிப் படிந்திருக்கும்.